கணினிக்கு மாறும் கூட்டுறவுச் சங்கங்களும் கேட்கப்படாத ஊழியர்களும்

ஆசிரியர் அவர்கட்கு,

ஐயா,

இலங்கையின் வடக்கே வன்னியிலுள்ள பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்களும் கால்நடை வளர்ப்போர் சங்கங்களும் அரிசி ஆலைகளும் தமது கொள்வனவையும் இருப்பையும் கணக்கையும் ஒரே மென்பொருளின்கீழ் கொண்டுவர முற்படும் இக்காலத்தில், அந்த மாற்றம் எவ்வாறு நடத்தப்பட வேண்டும் என்பது பற்றிச் சில விடயங்களைத் தங்கள் நாளிதழின் வாயிலாக முன்வைக்க விரும்புகிறேன். கூட்டுறவுத் துறையில் எழுதுவினைஞராகச் சேர்ந்து பொது முகாமையாளராக ஓய்வுபெற்றவன் நான். மென்பொருளே வேண்டாம் என்பவர்களின் பக்கம் நான் நிற்கவில்லை. ஆண்டு முடிந்து பல மாதங்களாகியும் இறுதிக் கணக்கு முடியாமல் கிடப்பதும், உறுப்பினர் ஒருவர் தமது கடன் மீதி எவ்வளவு என்று அறிய அரைநாள் வாங்கில் காத்திருப்பதும் இனியும் தொடரக்கூடாதவை. ஆனால் மென்பொருள் வரும்போது யார் எதை எழுதுவது, யார் எதைச் சரிபார்ப்பது, யார் ஒப்பமிட்டால் பணம் வெளியே செல்லும், குறைவு வந்தால் யார் பதில் சொல்வது என்ற ஒழுங்கு முழுவதும் மாறிவிடுகிறது. அந்த ஒழுங்கை மாற்றும் முடிவு, அதை நாள்தோறும் நடத்திவருபவர்கள் இல்லாத அறையில் எடுக்கப்படுகிறது என்பதே என் கவலை.

நெற்கொள்வனவை எடுத்துக்கொள்வோம். காலபோக அறுவடை முடிந்து கமக்காரர் மூடைகளை உழவு இயந்திரத்தில் ஏற்றி வந்து இறக்கியதும், களஞ்சியப் பொறுப்பாளர் ஈரப்பதனை அளக்கிறார். 14 சதவீதத்துக்கு மேற்பட்டிருந்தால் காயவிட்டுக் கொண்டுவரச் சொல்கிறார், அல்லது நிறையில் கழிவு பேசுகிறார். தராசில் நிறுத்தபின் பற்றுச்சீட்டு எழுதப்படுகிறது. அதன் ஒரு பிரதி கமக்காரருக்கும், ஒரு பிரதி தலைமைக் காரியாலயத்துக்கும் செல்ல, அடிக்கட்டை களஞ்சியத்திலேயே இருக்கும். தலைமைக் காரியாலயத்தில் எழுதுவினைஞர் விலையைப் பெருக்கிப் பார்த்து, பசளைக்கும் விதைநெல்லுக்கும் வாங்கிய கடனைக் கழித்து, உறுதிச்சீட்டுத் தயாரிக்கிறார். கணக்காளரும் பொது முகாமையாளரும் ஒப்பமிட்ட பின்னரே கிராமிய வங்கிக் கணக்கில் பணம் வரவு வைக்கப்படுகிறது. புதிய முறையில் தராசடியில் ஒருவர் ஒருமுறை பதிந்தாலே போதும். இருப்பேடும் பேரேடும் கொடுப்பனவும் தாமாகவே நிறைவேறிவிடும். இது பெரிய நன்மை என்பதில் எனக்கு ஐயமில்லை. அதேவேளை, முன்பு மூன்று மேசைகளில் மூன்று பேரின் கண்பட்டுத் திருத்தப்பட்ட பிழை, இனித் தராசடியில் நிற்கும் ஒருவரின் விரலிலேயே தங்கியிருக்கப்போகிறது. அவருடைய பதவிப்பெயரும் சம்பளமும் பயிற்சியும் பழையபடியே இருக்க, பொறுப்பு மட்டும் கணக்காளரின் அளவுக்கு உயர்ந்துவிடுகிறது. இதை யாரும் அவருக்கு எழுத்தில் சொல்வதில்லை.

எந்த ஏட்டிலும் எழுதப்படாத விதிகள் வேறு உண்டு. காணி அனுமதிப்பத்திரம் தகப்பன் பெயரில் இருக்கும், விதைத்தவர் மகள். வயல் ஒருவருடையது, குத்தகைக்குச் செய்தவர் இன்னொருவர். நெல்லைக் கொண்டுவந்தவர் ஒருவர், கடன் இருப்பது அவருடைய மனைவியின் பெயரில். இவற்றையெல்லாம் களஞ்சியப் பொறுப்பாளர் முகம் பார்த்தே அறிவார், அதற்கேற்பச் சீட்டு எழுதுவார். சங்கமொன்றில் நேரில் கண்டதைச் சொல்கிறேன். அதன் பெயர் இங்கு தேவையில்லை. அங்கு புதிய மென்பொருள், தேசிய அடையாள அட்டை இலக்கமும் காணிப் பதிவு இலக்கமும் ஒரே ஆளுடையனவாக இல்லாவிட்டால் கொள்வனவைப் பதிய விடாமல் நின்றுவிட்டது. வெளியே மூடைகளோடு ஆட்கள் காத்து நின்றனர். வேறு வழியற்ற ஊழியர்கள், பதியக்கூடிய சில பெயர்களின்கீழ் மற்றவர்களின் நெல்லையும் பதிந்துவிட்டு, உண்மைக் கணக்கைத் தனிக் கொப்பி ஒன்றில் எழுதி வைத்தனர். போகம் முடிந்தபோது கணினியில் ஒரு கணக்கும் கொப்பியில் ஒரு கணக்கும் இருந்தன. பணம் யாருக்குச் சேர வேண்டும் என்பதைத் தீர்க்கக் கமக்காரர் பல நாள் அலைந்தனர். ஊழியர்கள் ஒத்துழைக்கவில்லை என்று பணிப்பாளர் சபைக்கு அறிக்கை போனது. என் மதிப்பீட்டில், அந்த ஊழியர்கள்தாம் அன்று கொள்வனவு நின்றுபோகாமல் காத்தவர்கள். தவறு, குத்தகைச் செய்கை என்ற ஒன்று வன்னியில் உண்டு என்பதை வடிவமைப்பின்போது எவரிடமும் கேட்காததில் இருந்தது.

வேலைமுறையை மாற்றாமல் பழைய முறையை அப்படியே கணினியில் ஏற்றுவதில் பயனில்லை என்ற கருத்தை 1990இல் வலியுறுத்தி எழுதியவர் அமெரிக்கரான மைக்கேல் ஹமர். அவர் காட்டிய உதாரணம் ஃபோர்ட் மோட்டார் நிறுவனத்தின் கொடுப்பனவுப் பிரிவு. 1980களின் தொடக்கத்தில் வட அமெரிக்காவில் அப்பிரிவில் 500 பேருக்கு மேல் வேலைசெய்தனர். கணினியைப் புகுத்தினால் அதனை 400 ஆகக் குறைக்கலாம் என்று எண்ணியிருந்த நிறுவனம், ஜப்பானின் மஸ்டாவில் அதே வேலையை 5 பேர் செய்வதைக் கண்டு திகைத்து, விலைச்சிட்டை வந்தபின் பணம் கொடுக்கும் முறையையே கைவிட்டது. பொருள் வந்து இறங்கும்போதே கொள்வனவுக் கட்டளையோடு ஒப்பிட்டு ஏற்று, அதன் அடிப்படையில் பணம் கொடுக்கும் முறைக்கு மாறியது. அந்த வேலைக்கான ஆட்தொகை 75 சதவீதம் குறைந்தது. எமது நெற்கொள்வனவுக்கு வடிவமைக்கப்படும் முறையும் சாராம்சத்தில் இதுவே என்பதால் இதனைச் சற்று விரிவாகச் சொன்னேன். ஆனால் ஹமரே 1996இல், தமது பொறியியல் பின்னணியின் காரணமாக மனிதர் சார்ந்த பக்கத்துக்குப் போதிய மதிப்பைத் தாம் கொடுக்கவில்லை என்று பகிரங்கமாக ஒப்புக்கொண்டார். அவருடைய முதற் கருத்து மென்பொருள் விற்பவர்கள் வழியாக எமது ஊர்வரை வந்து சேர்ந்திருக்கிறது. பிந்தியது வந்து சேரவில்லை.

ஊழியர்களின் பழக்கத்துக்கு எல்லாம் விட்டுக்கொடுக்க வேண்டும் என்பது என் வாதமன்று. ஜேர்மனியின் லிடில் பல்பொருள் அங்காடி நிறுவனம் எஸ்.ஏ.பி. மென்பொருளுக்கு மாற 2011இல் தொடங்கி, ஏறத்தாழ 500 மில்லியன் யூரோ செலவழித்தபின், 2018இல் அந்தத் திட்டத்தையே கைவிட்டது. மென்பொருள் இருப்பை விற்பனை விலையில் மதிப்பிடும் வழமையைக் கொண்டிருக்க, கொள்வனவு விலையில் மதிப்பிடும் தனது பழைய வழமையை விடமாட்டோம் என்று அந்நிறுவனம் மென்பொருளையே திருத்தத் தொடங்கியதும், திருத்தத்தின்மேல் திருத்தமாகச் சுமை ஏறியதும் அதற்கு முக்கிய காரணமாகச் சொல்லப்பட்டது. ஆகவே எந்த வழமையை விட வேண்டும், எதை மென்பொருள்காரர் ஏற்றேயாக வேண்டும் என்று பிரித்தறிய வேண்டும். ஒரே விபரத்தை மூன்று ஏடுகளில் எழுதுவது விட வேண்டிய வழமை. குத்தகைக்காரருக்கு அவர் பெயரிலேயே சீட்டுக் கொடுப்பது விட முடியாதது. இதனைப் பிரித்துச் சொல்லக்கூடியவர் தராசடியில் நிற்பவரே அன்றி, கொழும்பிலிருந்து ஒருநாள் விளக்கமளிக்க வருபவர் அல்லர்.

வன்னிக்கே உரிய இன்னொரு காரணமும் இதிலுண்டு. 2009இல் முடிவுற்ற போரின் இறுதிக் காலத்தில் மக்கள் ஊரூராக இடம்பெயர்ந்தபோது, பல சங்கங்களின் பங்குப் பதிவேடுகளும் கடன் பேரேடுகளும் அழிந்துபோயின. மீள்குடியேறிய பின்னர், உறுப்பினர் கையில் எஞ்சியிருந்த சேமிப்புப் புத்தகங்களையும் பழைய ஊழியர்களின் நினைவையும் அயலவரின் சாட்சியையும் கொண்டே அவை மீண்டும் எழுதப்பட்டன. யாருடைய பங்குத்தொகை உறுதியானது, யாருடையது சத்தியக்கடதாசியின்பேரில் ஏற்கப்பட்டது, எந்தக் கடன் இன்னும் தீர்மானிக்கப்படாமல் இருக்கிறது என்பனவெல்லாம் ஏட்டின் ஓரத்தில் பென்சிலால் எழுதிய குறிப்புகளாகவும், ஓய்வை நெருங்கும் சில ஊழியர்களின் மனதிலுமே இருக்கின்றன. கணினிக்கு மாறும்போது ஆரம்ப மீதி என்று ஓர் இலக்கம் மட்டும் பதியப்படுகிறது. ஓரக்குறிப்பைப் பதிய அங்கு இடமில்லை. ஐயத்துக்குரிய மீதி அன்றிலிருந்து ஐயத்துக்கிடமற்ற மீதியாகிவிடும். பழைய ஏட்டின் ஒவ்வொரு பக்கத்தையும் அதை எழுதியவரோடு இருந்து பார்த்து, தீர்மானிக்கப்படாதவற்றை வேறாகக் குறித்து, உறுப்பினருக்கு அவருடைய மீதியைக் காட்டிக் கையொப்பம் பெற்ற பின்னரே கணினியில் ஏற்ற வேண்டும். இதற்கு மாதங்கள் செல்லும். அந்தக் காலம் ஒப்பந்தத்திலேயே ஒதுக்கப்பட வேண்டும், பெரும்பாலும் ஒதுக்கப்படுவதில்லை.

பெயரும் மொழியும் இதனோடு சேர்ந்த சிக்கல்கள். ஒரே ஆளின் பெயர் அடையாள அட்டையில் ஒரு விதமாகவும் வங்கிப் புத்தகத்தில் வேறு விதமாகவும் ஆங்கில எழுத்துகளில் இருப்பது எமது பகுதியில் மிகச் சாதாரணம். அடையாள அட்டை இலக்கமே ஒன்பது இலக்கங்களும் ஓர் ஆங்கில எழுத்தும் கொண்ட பழைய முறையிலும், 2016 முதல் வழங்கப்படும் பன்னிரண்டு இலக்க முறையிலுமாக இரண்டு விதமாக இருக்கிறது. அலுவலகங்களில் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் தட்டச்சு செய்து வைத்த உறுப்பினர் பட்டியல்களை யுனிகோடு என்ற பொதுக் குறிமுறைக்கு மாற்றாமல் புதிய மென்பொருளில் ஏற்றினால் அவை வெறும் ஆங்கில எழுத்துக் குவியலாகவே தெரியும். மாற்றியபின்னும் ஒவ்வொரு பெயரையும் கண்ணால் பார்த்துத் திருத்த வேண்டியிருக்கும். திரை முழுவதும் ஆங்கிலத்தில் இருக்க, பயிற்சியும் அரைநாளில் ஆங்கிலம் கலந்து நடந்தால், இருபது ஆண்டு அனுபவமுள்ள எழுதுவினைஞர் அன்று புதிதாகச் சேர்ந்த இளைஞரிடம் பொத்தானைக் கேட்டு நிற்கும் நிலை ஏற்படுகிறது. அவர் கேட்க வெட்கப்பட்டு ஒதுங்குவதைப் பழமைவாதம் என்று எழுதிவிடுவது அநீதி. தமிழ்த்திரை வேண்டும் என்பதை விலைமனுக் கோரும்போதே நிபந்தனையாக வைக்கலாம்.

வேலை போய்விடும் என்ற அச்சத்தைப் பற்றி நேராகப் பேச வேண்டும். சங்க வேலை ஒன்றை நம்பி ஒரு குடும்பமே இருக்கும் பிரதேசம் இது. எவருடைய வேலைக்கும் பாதிப்பில்லை என்று தலைவர் கூட்டத்தில் சொல்லிவிட்டு, சில மாதங்களில் வெற்றிடங்களை நிரப்பாமல் விட்டால், அடுத்த மாற்றத்துக்கு எவரும் வாய் திறக்க மாட்டார்கள். ஆட்குறைப்பு உண்டென்றால் எத்தனை பேர், எப்போது, அவர்களுக்கு எந்த வேலை தரப்படும் என்பதை முதலிலேயே சொல்வது கடினம்தான். ஆயினும் சொல்லப்படாத நிலை அதைவிடக் கடினமானது. இந்த இடத்தில் எம்மவர் பலர் வாழும் கனடாவின் அனுபவம் கவனிக்கத்தக்கது. அந்நாட்டு மத்திய அரசு 2016இல் பீனிக்ஸ் என்ற சம்பள முறையைத் தொடங்குவதற்கு முன்பே, திணைக்களங்களில் சம்பள வேலை தெரிந்த ஆலோசகர்களின் பதவிகளைப் பெருமளவில் நீக்கி, வேலையை மிராமிச்சி என்ற நகரில் ஒன்றுசேர்த்தது. முறை குழம்பியபோது திருத்தத் தெரிந்தவர்கள் இருக்கவில்லை. அரச ஊழியர் பெருந்தொகையானோர் குறைவாகவும் கூடுதலாகவும் சம்பளம் பெற்றனர். சிலருக்குச் சம்பளமே வரவில்லை. பழைய வேலை தெரிந்தவர்களைப் புதிய முறை உறுதியாக நிலைக்கும்வரை வைத்திருப்பதை வீண்செலவென்று கருதுபவர்கள் இதை நினைவிற்கொள்ள வேண்டும்.

இவை அனைத்திலும் என்னை மிகவும் வருத்துவது இருப்புக் குறைவு பற்றிய விடயம். கிளை முகாமையாளரின் கையிருப்புக்கும் கணக்குக்கும் வித்தியாசம் வந்தால் அதை அவரிடமிருந்து அறவிடுவது கூட்டுறவில் நெடுங்கால நடைமுறை. கைக்கணக்கில் அவர் தம் ஏட்டைத் திருப்பிப் பார்த்து, எங்கே பிழைத்தது என்று காட்டித் தம்மைக் காத்துக்கொள்ள முடிந்தது. கணினிக் கணக்கில் அவர் காண்பது இறுதித் தொகையை மட்டுமே. பிரித்தானியாவின் தபால் நிறுவனம் 1999 முதல் ஹொரைசன் என்ற மென்பொருளை உப தபாலகங்களில் புகுத்தியபின், அது காட்டிய பணக்குறைவை நம்பி, 900க்கு மேற்பட்ட உப தபாலதிபர்கள் களவுக்கும் பொய்க்கணக்குக்கும் குற்றவாளிகளாக்கப்பட்டனர். பலர் சிறை சென்றனர், வீடு வாசலை இழந்தனர், சிலர் உயிரை மாய்த்துக்கொண்டனர். மென்பொருளிலேயே குறைகள் இருந்தமை நீதிமன்றத்தில் நிலைநாட்டப்பட இருபது ஆண்டுகள் சென்றன. 2024இல் பாராளுமன்றம் தனிச்சட்டம் இயற்றித்தான் பெரும்பாலான தீர்ப்புகளை நீக்க வேண்டியிருந்தது. அத்தனை வசதியும் வழக்கறிஞரும் உள்ள நாட்டிலேயே இது நடந்திருக்க, ஒட்டுசுட்டானிலோ முழங்காவிலிலோ ஒரு சில்லறைக் கிளையை நடத்தும் பெண், கணினி சொன்ன குறைவுக்கு எதிராக எதைக் காட்டுவார்? மாற்றம் நடைபெறும் காலத்தில் வரும் எந்தக் குறைவும் மென்பொருளின் பதிவுகளை முழுமையாக ஆராயாமல் ஊழியரிடமிருந்து அறவிடப்படமாட்டாது என்று பணிப்பாளர் சபை தீர்மானம் எழுதி, அதனைக் கிளைகளுக்கு அனுப்ப வேண்டும். கடவுச்சொல் ஆளுக்கொன்றாக இருக்க வேண்டும் என்பதும் இதனாலேயே. தலைவரின் கடவுச்சொல்லை எழுதுவினைஞர் அறிந்திருந்து ஒப்புதல் கொடுக்கும் வழக்கம் வசதியானதாகத் தோன்றலாம். விசாரணை வரும் நாளில் அகப்படுபவர் அந்த எழுதுவினைஞரே.

எப்படிச் செய்யலாம் என்பதற்கு முன்மாதிரி எம்மிடமே இருக்கிறது. இரணைமடுக் குளத்தின்கீழ் சிறுபோகம் செய்வதற்கு முன் அதிகாரிகளும் கமக்காரர் அமைப்புகளும் ஒரே கூட்டத்தில் இருந்து, குளத்திலுள்ள நீருக்கு எவ்வளவு ஏக்கர், எந்தத் திகதியில் நீர் திறப்பது, எப்போது மூடுவது என்று பேசித் தீர்மானிக்கிறார்கள். கடைசி வாய்க்காலில் உள்ளவரும் அங்கு எழுந்து கேள்வி கேட்கலாம். தீர்மானித்தபின் எல்லோரும் அதற்குக் கட்டுப்பட வேண்டும். வேலைமுறை மாற்றத்துக்கும் அப்படியொரு கூட்டம் போதும். களஞ்சியப் பொறுப்பாளர், கிளை முகாமையாளர், எழுதுவினைஞர், கிராமிய வங்கி ஊழியர், உறுப்பினர் சிலர், மென்பொருள்காரர் என எல்லோரும் இருந்து, ஒரு மூடை நெல் வாசலில் இறங்குவது முதல் பணம் கையில் சேர்வது வரை ஒவ்வொரு படியையும் தாளில் வரைந்து பார்க்கட்டும். எது போகிறது, எது வருகிறது, யாருடைய கடமை எவ்வாறு மாறுகிறது என்பது அங்கேயே தெரியவரும். தீர்மானித்தவற்றுக்கேற்ப ஒவ்வொருவருக்கும் புதிய கடமைப்பட்டியல் எழுத்தில் கொடுக்கப்பட வேண்டும். அடுத்த ஊர்ச் சங்கத்தில் ஏற்கெனவே மாறியவர் ஒருவர் சில வாரம் வந்து அருகில் இருந்தால், அதற்கு நிகரான பயிற்சி வேறில்லை.

காலத்தையும் பார்க்க வேண்டும். மாசி, பங்குனியில் காலபோக நெல் வந்து குவியும்போதோ, ஐப்பசி, கார்த்திகை மழையில் மின்சாரமும் இணைய இணைப்பும் அடிக்கடி நின்றுபோகும்போதோ மாற்றத்தைத் தொடங்கக்கூடாது. வைகாசி, ஆனியில் ஒரு கிளையில் மட்டும் தொடங்கி, கையேடும் கணினியும் சமாந்தரமாக நடந்து, சிறுபோகக் கொள்வனவில் இரண்டும் ஒத்துவருகின்றனவா என்று பார்த்தபின் மற்றக் கிளைகளுக்குச் செல்லலாம். இணைப்பு நின்றால் பயன்படுத்த இலக்கமிட்ட பற்றுச்சீட்டுப் புத்தகம் எப்போதும் கையில் இருக்க வேண்டும்.

ஆனால் இந்தச் சமாந்தரக் காலத்துக்கு ஒரு முடிவு இருந்தாக வேண்டும். இங்கேதான் வட மாகாணக் கூட்டுறவு அபிவிருத்தித் திணைக்களத்தின் உதவியை நாடுகிறேன். கணக்காய்வுக்குக் கையேடே வேண்டும் என்று கேட்கப்படலாம் என்ற அச்சத்தால், கணினிக்கு மாறிய பின்னும் ஊழியர்கள் இரவில் இருந்து அதே கணக்கைக் கையால் எழுதுகிறார்கள். மின்னணு வடிவில் இருக்கிறது என்ற காரணத்துக்காக மட்டும் ஓர் ஆவணத்தின் செல்லுபடியை மறுக்க முடியாது என்று 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல்கள் சட்டம் கூறுகிறது. எந்த ஏடுகளைக் கணினிப் பிரதியாக ஏற்கலாம், அவற்றில் யார் ஒப்பமிட வேண்டும், எவ்வளவு காலம் காக்க வேண்டும் என்பதைத் தெளிவாகக் கூறும் சுற்றறிக்கை ஒன்று தமிழில் கிளைவரை வந்து சேர்ந்தால், பாதிச் சுமை குறையும். அத்துடன், மென்பொருள் ஒப்பந்தங்களில் இறுதித் தவணைக் கொடுப்பனவை ஒரு முழுப்போகத்தின் கொள்வனவும் கொடுப்பனவும் ஒத்துச் சரிபார்க்கப்பட்டு, களஞ்சியப் பொறுப்பாளர்களும் கிளை முகாமையாளர்களும் அதில் கையொப்பமிடும்வரை நிறுத்திவைக்க வேண்டும் என்ற நிபந்தனையையும் சங்கங்களுக்குப் பரிந்துரைக்குமாறு திணைக்களத்தைக் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற கூட்டுறவுச் சங்கப் பொது முகாமையாளர் ஒருவர்,
கிளிநொச்சி.